வாசலில் நூற்றைம்பது குதிரை

கடலூர் சாலையில் தவளக்குப்பம் நான்குமுனைச் சந்திப்புக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள். சமத்துவம் என்றால் என்னவென்று புரியும். பாகூர்ப் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றி வரும் டிராக்டர், நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் டாடா ஏஸ், கல்லூரி பஸ், ஷேர் ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒரு கறுப்பு டர்போ செடான். எல்லோருக்கும் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். அந்தச் செடான் மட்டும் நினைத்தால் ஒன்பது நொடியில் நூறைத் தொடும். நினைக்க மட்டும்தான் முடியும். அந்த வண்டி என்னுடையது.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்துப் பாட்டிமார் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டால்கூட சாமி பெயர், பூப்பெயர் என்று ஜாடை காட்டிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கும் என் காரிடம் அதே மரியாதை. ஜாடையாகச் சொல்கிறேன்: ஐரோப்பாக்காரன். 2005-இல் பிறந்தவன். ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் இன்ஜின், டர்போ, நூற்றைம்பது குதிரைசக்தி. ஓடிய தூரம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பூமியிலிருந்து சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். ஆக, பாதி வழி தாண்டியாகிவிட்டது. மீதி வழியில் ஒர்க்‌ஷாப் கிடையாது என்பதுதான் கவலை.

வண்டியின் பூர்விகம் ஒரு தனிக் கதை. புதுச்சேரியில் வாகன வரி அக்கம்பக்கத்து மாநிலங்களைவிடக் குறைவு. அதனால் விலையுயர்ந்த கார் வாங்குகிறவர்களுக்கு நம் ஊர்மேல் திடீர்ப் பாசம் பொங்குவதுண்டு. இங்கே ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்வார்கள். கார் கொச்சியிலோ பெங்களூரிலோ ஓடும். 2017-இல் கேரளத்தில் இது பெரிய புகாராக வெடித்து, சினிமாக்காரர்கள், அரசியல்வாதிகள் பெயரெல்லாம் அடிபட்டது. அந்தக் கார்களுக்கு முகவரி புதுச்சேரி. ஆனால் புதுச்சேரியை அவை பார்த்ததே கிடையாது. என் காரும் அந்த வம்சம்தான். பி.ஒய். 01 பலகையை மாட்டிக்கொண்டு காலமெல்லாம் பெங்களூரில் திரிந்துவிட்டு, நான் வாங்கிய பிறகுதான் தன் சொந்த ஊரையே பார்த்தது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பொய்யை உண்மையாக்கிய பெருமை எனக்கு உண்டு. அதுவும் அரைகுறை உண்மை இல்லை. இப்போது முகவரியை விட்டு அது அசைவதே இல்லை.

விற்றவர் நல்ல மனிதர். “டாக்டர் ஓட்டின வண்டி சார். சிங்கிள் ஓனர். ஆயில் ஒரு சொட்டுகூட ஒழுகாது. வாங்குறீங்க, ஓட்டுறீங்க, அவ்ளோதான்” என்றார். பழைய கார் விற்பனையில் டாக்டர்களுக்கு இருக்கும் இடம் மருத்துவத்தில்கூட இல்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ‘டாக்டர் ஓட்டின வண்டி’ என்று விற்றதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நம் டாக்டர்கள் நோயாளியைப் பார்க்க நேரமில்லாமல் இரவு பகலாகக் கார் ஓட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஆயில் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சத்தியம். ஒழுகுவதற்கு உள்ளே ஆயில் இருந்தால்தானே.

புதிதாக வந்தபோது பதினைந்து லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த வண்டி. நான் கொடுத்தது ஒரு புது புல்லட் வாங்கும் பணம். இங்கேதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். காரின் விலை வருஷா வருஷம் இறங்கும். காருக்குள் இருக்கிற சாமான்களின் விலை இறங்காது. பதினைந்து லட்ச ரூபாய்க் காரின் கிளட்ச், அந்தக் கார் இப்போது இரண்டு லட்சத்துக்குக் கைமாறிவிட்டது என்கிற செய்தியை அறியாது. அது தன்னை இன்னமும் பதினைந்து லட்ச ரூபாய் வீட்டுப் பிள்ளையாகவே நினைத்துக்கொண்டு அதே தோரணையில் விலை சொல்லும். சாதாரணச் சின்னக் காருக்கு இந்தச் சிக்கல் இல்லை; கார் இறங்க இறங்க, பெட்டிக்கடையில் கிடைக்கும் அளவுக்குச் சாமான் மலிந்துவிடும். வேகத்துக்காகச் செய்த காரில் எல்லாமே தனி அளவு, தனி நம்பர், தனி விலை.

முதல் பாடம் டைமிங் பெல்ட். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். இந்த நேரக்கணக்கை ஒரு ரப்பர் பெல்ட் பார்த்துக்கொள்கிறது. அது இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அதுவரைதான் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். கணக்குத் தப்பி ஓட்டத்தில் அறுந்தால், ஏறி வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். அரியாங்குப்பத்து மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “பெல்ட்டு எப்ப மாத்துனாங்க சார்?”

“டாக்டர் மாத்தியிருப்பாரு.”

“அறுந்துச்சுன்னா வால்வு பூரா மடங்கிடும். அப்புறம் இத கிலோ கணக்குலதான் குடுக்கணும்.”

மாற்றினோம். பெல்ட்டை மாற்றும்போது அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பையும் மாற்றிவிட வேண்டும், டென்ஷனரையும் மாற்றிவிட வேண்டும், இவ்வளவு கழற்றியாகிவிட்டதே என்று ஆயில் சீலையும் மாற்றிவிட வேண்டும். ‘இவ்வளவு கழற்றியாகிவிட்டதே’ என்பது மெக்கானிக் உலகின் மகா வாக்கியம். எத்தனையோ குடும்பங்களின் தீபாவளி அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்திருக்கிறது.

இரண்டாம் பாடம் வேகத்தடை. ஐ.ஆர்.சி. என்கிற இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வேகத்தடைக்கு ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறது. உயரம் பத்து சென்டிமீட்டர். சாலைவாக்கில் நீளம் 3.7 மீட்டர், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அலுங்காமல் தாண்ட வேண்டும். படிக்கச் சுகமாக இருக்கிறது. நம் கிராமச் சாலைகளில் வேகத்தடை அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை. போன வாரம் யார் வீட்டுக் கன்றுக்குட்டி அடிபட்டதோ, அவருடைய கோபத்தின் உயரத்துக்குப் போடப்படுகிறது. என் காரோ தரையோடு தரையாகப் பாய்வதற்காகச் செய்தது. அதன் ஆயில் சம்ப் அலுமினியம். மோதினால் நெளியாது, நேராக விரிசல்தான்.

ஆகவே அபிஷேகப்பாக்கம் பக்கம் கல்யாணத்துக்குப் போவதென்றால் எங்கள் வண்டியில் ஒரு வழிமுறை உண்டு. வேகத்தடை வந்ததும் பின் சீட்டில் இருக்கிற மாமியாரும் மச்சானும் இறங்கிக்கொள்ள வேண்டும். கார் ஓரங்கட்டிக் குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏறி இறங்கும். அவர்கள் நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். சிங்கிரிகுடி நரசிம்மர் கோயிலுக்கு ஒருமுறை அப்படிப் போனோம். மாமியார் கடைசித் தடையில் இறங்கியவர் ஏறவே இல்லை. “நீங்க வாங்க மாப்ளே, நான் முன்னாடி போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கிடறேன்” என்று நடந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, பெட்ரோல். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். வரி குறைவு என்பதால் தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு. கடலூர்க்காரர்கள் முள்ளோடை எல்லையைத் தாண்டி வந்து கன்னியக்கோயில் பக்கம் டேங்கை நிரப்பிக்கொண்டு போவார்கள். பங்கில் பெட்ரோல் போடும் தம்பி என் வண்டியைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி: “எவ்ளோ சார் குடுக்குது?” லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அர்த்தம். ஊருக்குள் ஏழு, எட்டு. அதை வாய்விட்டுச் சொன்னால் பின்னால் நிற்கிறவர்கள் துக்கம் விசாரிப்பார்கள். “ஹைவேல நல்லாக் குடுக்கும்பா” என்று சொல்லிவிடுவேன். ஹைவே எங்கே என்று அவன் கேட்பதில்லை. நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருப்பதே தேசிய நெடுஞ்சாலையில்தான்.

இப்போது அந்தப் பெட்ரோலிலும் இருபது சதவிகிதம் எத்தனால். 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை அரசு 2025-க்கே இழுத்துக்கொண்டுவந்து நாடு முழுக்க ஈ20-ஐக் கொண்டுவந்துவிட்டது. எத்தனால் என்பது சாராயத்தின் சுத்த வடிவம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில். அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள், வாஷர்கள் இதற்காகச் செய்தவை அல்ல என்பதால் அவற்றின் மேல் ஒரு கண் வைக்க வேண்டும். வார இறுதியானால் வெளியூர்க்காரர்கள் கும்பலாகப் புதுச்சேரிக்கு வந்து எதைத் தேடுகிறார்களோ, அது என் காருக்கு வாரம் முழுக்க, இருந்த இடத்திலேயே கிடைக்கிறது. இந்த வயதில் இந்தப் பழக்கம் தேவைதானா என்று கேட்டால் யார் கேட்கிறார்கள்.

எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் இரண்டு சமயத்தார். ஒன்று காதுச் சமயம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். இன்னொன்று லேப்டாப் சமயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகித் திரையைப் பார்ப்பார்கள். ஒருநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் வண்டி மலேரியாக் குளிர் கண்டு நடுங்கியது. லேப்டாப் தம்பி ஒயரைச் செருகினான். பி0300, பி0171 என்று இரண்டு எண்கள் வந்தன. முதலாவது, சிலிண்டர்களில் பொறி தவறுகிறது. இரண்டாவது, கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகிவிட்டது. “சென்சார் போயிடுச்சு சார். பதினாலாயிரம் ஆவும்” என்றான். காதுச் சமயத்து அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை ரப்பர் குழாய்களின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தார். ஓரிடத்தில் தெளித்ததும் இன்ஜின் சத்தம் மாறியது. குனிந்து பார்த்தால் குழாயில் பல் அடையாளம். பக்கத்தில் இக்னிஷன் காயில் ஒயரிலும் அதே பல்.

எலி. இரண்டு எண்களுக்கும் ஒரே ஆசிரியர்.

சுற்றிலும் வயல், அறுவடை முடிந்தால் எலிகளுக்குக் குடியேறச் சூடான இடம் இன்ஜின்தான். அந்துருண்டை போட்டேன். புகையிலை வைத்தால் வராது என்று பலரும் சொன்னதால் நல்ல காரமான புகையிலையாக வாங்கிக் கட்டித் தொங்கவிட்டேன். சில நாளில் புகையிலையைக் காணோம். வெற்றிலை பாக்கு வைக்கவில்லை என்று எலிக்கு வருத்தம் போலிருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு குழாயைக் கடித்துத் தன் அதிருப்தியைத் தெரிவித்தது.

எலிக்கு அடுத்தபடி வேப்பமரம். வாசலில் நிழல் இருக்கிறதே என்று அதன் கீழேதான் வண்டியை நிறுத்துகிறேன். இந்த வகைக் கார்களில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பள்ளமும், மழைத்தண்ணீர் வடிய ஒரு துவாரமும், அதற்குப் பக்கத்திலேயே இன்ஜினின் மூளையான கம்ப்யூட்டர் பெட்டியும் இருக்கும். ஐரோப்பாவில் இதை வரைந்த இன்ஜினியருக்கு வேப்பம்பூ உதிரும் பருவம் தெரிந்திருக்க நியாயமில்லை. துவாரம் அடைபட்டால் மூளை தண்ணீரில் மிதக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு ஊரில் எல்லோரும் அரிசி மூட்டையை மேலே ஏற்றினார்கள். நான் குடையோடு பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேப்பிலை பொறுக்கினேன். பார்த்தவர்கள் யாருக்கோ அம்மை என்று நினைத்திருப்பார்கள்.

சாமான் வாங்க இரண்டு வழி. கம்பெனி கவுண்டரில் கேட்டால் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, “இந்த மாடலுக்கு ஆர்டர் போட்டுத்தான் வரணும் சார்” என்பார்கள். ஆர்டர் போட்டால் வரும். எந்த வருஷம் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டாவது வழி சென்னைப் புதுப்பேட்டை. ஒரு காலத்தில் உயிரோடு ஓடிய கார்கள் அங்கே கதவு கதவாக, விளக்கு விளக்காகப் பிரிந்து சுவரில் தொங்கும். இக்னிஷன் காயில் தேடிப் போனேன். கடைக்காரர் என் கையில் இருந்த பழைய காயிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் வேலையையும் சேர்த்து அவரே செய்துவிட்டார்.

“கம்பெனில அஞ்சாயிரம் சொல்லுவான் சார். நான் ரெண்டாயிரம் சொல்றேன். நீங்க ஆயிரம் கேப்பீங்க. நான் கட்டாதுன்னுவேன். நீங்க நாலு கடை சுத்திட்டு வருவீங்க. வெயில்ல எதுக்கு? ஆயிரத்தி முந்நூறு குடுத்துட்டு எடுத்துக்குங்க.”

பேரம் பேசப் பழகிய வாய்க்கு வேலையே இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வேகமான செடானுக்கும் நம் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில், உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்திருக்கிறது. பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே வந்தது. மறைமலைநகரில் 1999-இல் இறங்கிய ஃபோர்டு ஐகானின் 1.6 லிட்டர் வண்டியும், இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் பூட்டிய மிட்சுபிஷி லான்சரும் அந்தக் காலத்து இளவட்டங்களின் தூக்கத்தைக் கெடுத்தவை. அதற்கும் முன்னால் ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தில் ரோவர் எஸ்.டி.1 என்றால் மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின். திருடனைத் துரத்தப் போலீஸ் வைத்திருந்த கார். 1977-இன் ஐரோப்பியக் கார் விருது வாங்கியது. அந்த உடம்பை மெட்ராசுக்குக் கொண்டுவந்து 1985-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி விட்டது. உடம்பு ரோவர், உள்ளே வைத்த இரண்டு லிட்டர் இன்ஜின் 1940-களின் இறுதியில் வந்த வேன்கார்டு காரின் வாரிசு. நம் சாலைக்காக உயரத்தையும் ஏற்றினார்கள். போலீஸ் துரத்தும் காராக இருந்தது, திருடன் தைரியமாகத் திரும்பிப் பார்த்துப் போகும் காராக ஆயிற்று. 1988-இல் கதை முடிந்தது. அன்றிலிருந்து ஒரு விதி எனக்குத் தெளிவு. நம் ஊரில் வேகமான காரைக் கொல்வது விபத்து அல்ல. சாமான் இல்லை என்கிற பதில்தான்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. என் கார் பிறந்த அதே 2005-இல்தான் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் இந்தியானாபோலிஸில் நடந்த அமெரிக்கப் பந்தயத்தில் மிஷலின் டயர் போட்ட கார்கள் அத்தனையும் டயர் தாங்காது என்று பயந்து ஒதுங்கிவிட்டன. ஓடியது ஆறே கார், நரேன் நான்காவது. நியாயமான நான்காவது இடம்தான். வேகம் எவ்வளவு என்பதைவிட டயர் எப்படி என்பதுதான் முதல் கேள்வி என்று அன்றைக்கு உலகமே பார்த்தது. என் வீட்டில் மட்டும் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “நாலு ரப்பருக்கு முப்பதாயிரமா?” என்று மனைவி கேட்டபோது இந்தியானாபோலிஸ் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவருக்கு டயர் யார் வாங்கிக் குடுத்தாங்க?” என்றாள்.

வெளிநாட்டுச் சரக்கின் கதி என்னவென்று நம் கொம்யூன் பஞ்சாயத்தில் இருப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி அரிக்கமேடு. ரோமாபுரியிலிருந்து மது வந்த ஜாடிகளும் பளபளக்கும் தட்டுகளும் அங்கே உடைந்து கிடந்ததை மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டி எடுத்து உலகத்துக்குச் சொன்னார். உடைந்த ஜாடிக்கு ரோமிலிருந்து மாற்றுச் சாமான் வரவில்லை என்பது தெளிவு. இரண்டாயிரம் வருஷம் ஆயிற்று, அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அரசாங்கமும் இந்த வகைக் கார்களைத் தனிக் கண்ணோடுதான் பார்க்கிறது. 2022 ஜூனிலிருந்து மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு 1000 முதல் 1500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் 7,897 ரூபாய், வரி தனி. வாசலில் நின்றுகொண்டே இருக்கும் என் வண்டி மூன்றாம் நபரை என்ன செய்துவிடும் என்று எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. பதினைந்து வருஷம் முடிந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். வயதானவர்களுக்குச் சலுகை கொடுக்கும் நாட்டில் வயதான கார்களுக்கு மட்டும் நேர்மாறு.

பக்கத்துத் தெரு முசே ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, இதைச் சொன்னால் சிரிக்கிறார். “பிரான்ஸ்ல நாலு வருஷம் ஆனதுமே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கோந்த்ரோல் தெக்னிக் போவணும் தம்பி. பிரேக்கு, லைட்டு, பொகை எல்லாம் மெஷின்ல வச்சுப் பாப்பான். இங்க பதினஞ்சு வருஷம் எவனும் கேக்க மாட்டான். அப்பறம் மொத்தமா வந்து நிப்பான்.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பணம் வாங்குவதற்கு முன்னால் பிரேக்கைப் பார்த்தால் நானும் சந்தோஷமாகவே கொடுப்பேன்.

வீட்டில் இந்தக் காரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உலவுகிறது. “ஏங்க, காரு இன்னைக்கு வருமா, இல்ல ஸ்கூட்டர எடுத்துக்கவா?” ஸ்கூட்டர் மனைவியுடையது. பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஒயரோடு மச்சான் வருவது அந்த ஸ்கூட்டரில். மெக்கானிக்கை அழைத்துவருவது, கூலன்ட் கேனைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வருவது, பம்பரையே ஒருமுறை குறுக்கே கட்டிக் கொண்டுவந்தது, எல்லாம் அந்த ஸ்கூட்டர்தான். டர்போ வண்டி வீட்டுக்கு வந்ததும் உடனே ஆஃப் செய்யக் கூடாது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்ற டர்பைனின் சூடு தணிய ஒரு நிமிஷம் இன்ஜினை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஆயில் கரியாகிவிடும். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்து அந்த நிமிஷத்தைக் காப்பேன். வீட்டுக்குள் வரத்தான் பயந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று தெருவில் ஒரு கருத்து நிலவுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக் கூடாது என்று சட்டமில்லை.

சரி, பிறகு எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் போகும்போது, முன்னால் ஒரு லாரி போகும். எதிரே சாலை காலியாக இருக்கும். மூன்றாவது கியரில் போட்டுக் காலை அழுத்தினால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு பானட்டுக்குள் ஒரு சன்னமான விசில். முதுகு சீட்டில் பதியும். லாரி பின்கண்ணாடிக்குள் போய்விடும். சட்டம் சொன்ன வேகத்துக்குள்ளேயே இது முடிந்துவிடும். குதிரைசக்தி என்பது பறப்பதற்கு அல்ல. எதிர்ச்சாரியில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதற்கு. சின்னக் காரில் எட்டு நொடி சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு தாண்டுகிற லாரியை இது நான்கு நொடியில் தாண்டும். வருஷச் செலவை இப்படிக் கிடைத்த நொடிகளால் வகுத்துப் பார்க்கலாம். வகுத்துப் பார்க்கிறவன் இந்த வண்டியை வாங்க மாட்டான். வாங்கியவன் வகுக்க மாட்டான்.

உங்களுக்கும் ஆசை வந்திருந்தால் ஒரு பழைய வேகக்காரைத் தாராளமாகத் தேடுங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். கீழே படுத்து ஆயில் சம்ப்பைப் பாருங்கள். லேப்டாப் தம்பியையும் ஸ்க்ரூடிரைவர் அண்ணனையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். காருக்குக் கொடுக்கும் விலையில் பாதியை முதல் வருஷ வைத்தியத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டு ஸ்கூட்டரை நன்றாகச் சர்வீஸ் செய்து வையுங்கள். இனி அதற்குத்தான் வேலை அதிகம்.